கடல்மேல் குடித்தனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பினாங்கில் 31 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். ஓய்வு பெற்றதும், கப்பல் பொறியாளராக இருந்த என் கணவரோடு 2016இல் கேட்டமரன் எனப்படும் பழைய இரட்டையுடல் பாய்மரப் படகு ஒன்றில் குடியேறினேன். நீளம் 38 அடி, அகலம் ஆறரை மீட்டர். ஆண்டின் பெரும்பகுதி லங்காவித் தீவுகளைச் சுற்றியே இருப்போம். சென்ற இதழில் இந்த வாழ்க்கையைப் பற்றி எழுதியதும் கடிதங்கள் வந்து குவிந்தன. பலரும் கேட்டவற்றை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கேள்வி: நானும் மனைவியும் மட்டும்தான். ஓய்வூதியப் பணத்தில் 45 அடி கேட்டமரன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். நான்கு படுக்கையறை. “பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வருவார்கள், பெரிதாகவே வாங்குங்கள்” என்கிறார் விற்பவர். வாங்கலாமா? – ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, கிள்ளான்

ஐயா, பிள்ளைகள் ஆண்டுக்கு எத்தனை இரவு வந்து தங்குவார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். எங்களிடம் இரண்டு மகன்கள், மூன்று பேரப்பிள்ளைகள். சென்ற ஆண்டு எல்லாரும் சேர்ந்து தங்கியது 11 இரவுகள். மற்ற நாட்களில் அந்தப் பெரிய படகைத் துடைப்பதும், அதன் பாயை ஏற்றி இறக்குவதும், அடிப்பாகத்துக்குப் பூச்சு அடிக்கப் பணம் கட்டுவதும் நீங்கள் இருவரும்தான்.

இருவர் வாழ 38 முதல் 40 அடி தாராளம். கேட்டமரன் என்பது இரண்டு ஒல்லியான படகுகளை நடுவில் ஒரு தளத்தால் இணைத்தது. அந்த இணைப்புத் தளத்தின்மேல் கூடம். இரண்டு பக்கப் படகுகளுக்குள்ளும் படுக்கையறைகள். மூன்று அறை உள்ள அமைப்பாகத் தேடுங்கள். அதில் ஒரு பக்கம் முழுவதும் உரிமையாளருக்கே: கட்டில், எழுதும் மேசை, தாராளமான குளியலறை. மறுபக்கம் இரண்டு சிறிய அறைகள் விருந்தினருக்கு. வாடகைக்கு விடுவதற்காகக் கட்டிய நான்கறைப் படகில் நான்கு கழிவறைகள்கூட இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பம்பு, குழாய், வால்வு. அத்தனையும் என்றாவது ஒரு நாள் பழுதாகும்.

இன்னொரு கணக்கையும் போட்டுவிடுங்கள். படகு விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்கள் வழக்கமாக வைத்திருக்கும் கணக்கு. எங்கள் வரவுசெலவு நோட்டும் அதைத்தான் சொல்கிறது. அகலத்தைக் காரணம் காட்டிப் பல மரீனாக்கள் (படகுகளைக் கட்டி நிறுத்தும் துறைகள்) கேட்டமரனுக்கு ஒன்றரை மடங்கு வாடகை கேட்கின்றன. படகைக் கரையேற்றும் பளுதூக்கியின் அகலத்தையும் விசாரியுங்கள். உங்கள் படகு நுழையாத பட்டறை பக்கத்திலேயே இருந்தும் பயனில்லை.

எந்த நிறுவனத்தின் படகு என்று அடுத்து கேட்பீர்கள். பிரான்சின் லகூன், ஃபோந்தேன் பஜோ, பாலி, தென்னாப்பிரிக்காவில் கட்டப்படும் லெப்பர்ட் ஆகியவை வீட்டு வசதியை முன்னிறுத்துபவை. அதே பிரான்சின் அவுட்ரமர் ஒல்லியானது, விரைவானது, உள்ளே இடம் குறைவு. மலாக்கா நீரிணையில் காற்று பெரும்பாலும் மெல்லியது, எஞ்சினை ஓட்டும் நேரம் அதிகம், நங்கூரம் போடும் இடங்கள் ஆழமற்றவை. இந்தக் கடலில் வாழப் போகிறவர்களுக்கு, நிலையான குட்டைக் கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு போன்ற பகுதி) உள்ள, வீட்டு வசதியை முன்னிறுத்தும் முதல் வகையே ஏற்றது. ஏற்றி இறக்கும் பலகைக் கீல் வேண்டாம். குட்டைக் கீல் இருந்தால், நீர் வற்றும்போது மணலில் அமர்ந்து அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவலாம்.

ஒன்றை மட்டும் அளக்காமல் வாங்காதீர்கள். நாங்கள் பார்த்த ஏழு படகுகளிலும் என் கணவர் டிங்கியில் (கரைக்குப் போய்வரும் சிறு படகில்) படுத்தபடி இணைப்புத் தளத்துக்கு அடியில் நுழைந்து, நீர்மட்டத்திலிருந்து தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நாடாவால் அளந்தார். விற்பவர்கள் வியப்போடு பார்த்தார்கள். அந்த உயரம் குறைந்தால், எதிர்க்காற்றில் போகும்போது அலை கீழிருந்து தளத்தை அறையும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் சம்மட்டி இறங்கியதுபோல் இருக்கும், தம்ளர் துள்ளும், இரவில் தூக்கம் வராது. 38 அடிப் படகுக்கு, சாமான்களை ஏற்றிய பிறகும், 60 சென்டிமீட்டருக்குமேல் இருக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு. “ஏற்றிய பிறகும்” என்று சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் படகில் ஒரு டன் எடை ஏறினால் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தாழ்கிறது.

கேள்வி: வாடகைக்கு ஓடிய பத்து வயதுப் படகு மலிவாக வருகிறது. எதைப் பார்ப்பது? – மென்பொருள் பொறியாளர், சிங்கப்பூர்

தம்பி, உங்கள் செலவில், நீங்களே தேர்ந்தெடுத்த சர்வேயர் (படகைச் சோதித்துச் சொல்லும் நிபுணர்) ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் காட்டும் ஆளை வேண்டாம். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

சர்வேயர் கையில் சிறிய சுத்தியல் இருக்கும். ஃபைபர் தளத்தைக் கை அகலத்துக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடத்தில் “டக்” என்று தெளிவாகக் கேட்கும். ஃபைபர் தகடுகளுக்கு நடுவே இருக்கும் பால்சா மரம் நீர் குடித்து ஊறியிருந்தால் “பொத்” என்று மந்தமாகக் கேட்கும். எங்கள் படகின் முன்பக்கத்து மேல்சன்னல் ஒன்றைச் சுற்றி இரண்டு சாண் அளவுக்கு அப்படிக் கேட்டது. “அங்கே எப்போதுமே அப்படித்தான்” என்றார் விற்பவர். வாங்கிய பிறகு அறுத்துத் திறந்தோம். உள்ளே மரம் ஊறிய பிண்ணாக்குபோல் கையோடு வந்தது. பழுதுபார்க்கும் செலவை முன்பே விலையில் கழித்திருந்ததால் பிழைத்தோம்.

இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குச் சுவர்களில் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வோர் அலமாரியையும் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். படகு முறுக்கிக்கொள்ளும்போது எல்லாச் சுமையையும் தாங்குவது அவைதான். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் எஃகுக் கம்பிகள் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகியிருந்தால், மாற்றச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனமே கேட்கும். எஞ்சினிலிருந்து நேராகக் கீழே இறங்கும் செயில்டிரைவ் அமைப்பு இருந்தால், கடலை வெளியே நிறுத்தும் பெரிய ரப்பர் வளையம் ஒன்று அதில் உண்டு. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்வார்கள். மாற்றியதற்கு ரசீது கேளுங்கள்.

வாங்கும் முன் ஒரு வாரம் இதே அளவு படகை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். சான்றிதழ் இல்லையென்றால், பிரிட்டனின் படகோட்டச் சங்கமான ஆர்.ஒய்.ஏ.வின் ‘டே ஸ்கிப்பர்’ வகுப்பில் சேருங்கள். மனைவியும் சேரட்டும். ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரிந்த படகில் மற்றவருக்கு நிம்மதி இருக்காது.

கேள்வி: அக்கா, என் கணவருக்குப் படகு ஆசை, எனக்குச் சமையற்கட்டைப் பற்றித்தான் கவலை. இட்லி தோசை இல்லாமல் எங்கள் வீட்டில் பொழுது விடியாது. அங்கே அதெல்லாம் முடியுமா? – இல்லத்தரசி, ஈப்போ

முடியும். இன்று காலை எங்கள் படகில் இட்லிதான்.

ஒற்றையுடல் பாய்மரப் படகு காற்றில் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே ஓடும். அங்கே அடுப்பைத் தொட்டில்போல் தொங்கவிடுவார்கள். கேட்டமரன் சில பாகைக்குமேல் சாய்வதில்லை. நங்கூரத்தில் நிற்கும்போது இட்லிப் பானை அசையாமல் இருக்கும். ஓடும்போது மட்டும் அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு வேண்டும். குழம்பைப் பாதிப் பாத்திரத்துக்குமேல் ஊற்றக் கூடாது.

சமையற்கட்டு மேலே கூடத்தோடு சேர்ந்து இருக்கும் படகும் உண்டு, கீழே பக்கவாட்டுப் படகுக்குள் இருக்கும் படகும் உண்டு. மேலே இருப்பதையே வாங்கச் சொல்வேன். தாளிக்கும் புகை வெளியே போகும், நாலாபுறமும் கடல் தெரியும், தனியாகப் பாதாள அறையில் வேகிற மாதிரி இருக்காது. கீழே இருந்தால் கூடத்தில் இடம் கூடும் என்று சொல்வார்கள். சொல்கிறவர்களில் சமைக்கிறவர் யார் என்று கேளுங்கள்.

அரிசி உளுந்தைப் பன்னிரண்டு மணிக்கு அரைக்கிறேன். மேசைமேல் வைக்கும் கிரைண்டர் 150 வாட்தான் இழுக்கும். மேலே 900 வாட் சூரியத் தகடுகள் இருக்கின்றன. உச்சி வெயிலில் லித்தியம் பேட்டரி நிறைந்து, மின்சாரம் மிச்சமாகவே இருக்கும். இந்த வெக்கைக்கு மாவு பொழுது சாய்வதற்குள் பொங்கிவிடும். மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாத்திரத்தைக் கழுவும் தொட்டிக்குள் வைத்துவிடுங்கள். வழிந்தாலும் தொட்டியோடு போகும்.

கேஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் சன்னல் வழியே கலையலாம், படகில் அது அடித்தளத்தில் குளம்போல் தங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். சிலிண்டர் வெளியே, அடியில் கடலுக்குத் துளை விட்ட தனிப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். சமையல் முடிந்ததும் சிலிண்டர் வாயையே மூடிவிடுகிறேன்.

அட்டைப் பெட்டியைப் படகுக்குள் ஏற்றவே ஏற்றாதீர்கள். அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டு வரும். லங்காவியின் குவா நகரில் சாமான் வாங்கினால், ஜெட்டியிலேயே எல்லாவற்றையும் பைகளுக்கு மாற்றிவிட்டு அட்டையைக் கரையிலேயே விட்டுவிடுகிறோம்.

இனி, உங்களிடம் மனம்விட்டு ஒன்று சொல்ல வேண்டும். முதல் வருடம் நான் வீட்டுச் சமையற்கட்டை அப்படியே படகுக்குக் கொண்டுவந்தேன். பித்தளை அண்டா, மூன்று குக்கர், அம்மாவின் அம்மிகூட. அது மட்டும் குழவியோடு 18 கிலோ. கேட்டமரனில் எங்கே பார்த்தாலும் அலமாரி, எங்கே பார்த்தாலும் இடம். அந்த இடம் நிரப்பச் சொல்லி அழைக்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஒல்லியான உடல் என்பதால் எடையைத் தாங்காது. ஒரு நாள் நீந்தும்போது பார்த்தேன், பாசி தடுக்கும் பூச்சுக்கு மேலே, வெள்ளை ஃபைபரில், பச்சையாகப் பாசி வளர்ந்திருந்தது. படகு அவ்வளவு அமிழ்ந்திருந்தது. ஆறு மாதம் தொடாத எல்லாவற்றையும் எடுத்துத் தராசில் வைத்தோம். என் பாத்திரங்கள், அவருடைய கருவிப் பெட்டிகள், பழைய சங்கிலி, புத்தகங்கள் எல்லாம் சேர்த்து 600 கிலோ இறக்கினோம். அம்மியைப் பட்டர்வொர்த்தில் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுவாரம் அதே எதிர்க்காற்றில் பினாங்கிலிருந்து வந்தோம். தளத்துக்கு அடியில் அறைந்த அலைகள் பாதியாகக் குறைந்திருந்தன. அன்றிலிருந்து ஒரு பொருள் ஏறினால் அதே எடைக்கு ஒன்று இறங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

தண்ணீருக்கும் அதே கணக்குத்தான், ஒரு லிட்டர் ஒரு கிலோ. எங்கள் இரண்டு தொட்டிகளிலும் 600 லிட்டர் பிடிக்கும், பாதிதான் நிரப்புகிறோம். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி மணிக்கு 60 லிட்டர் கொடுக்கிறது. மழைக்காலத்தில் கூரையில் விழுவதே துவைக்கப் போதும்.

கேள்வி: என் மகன் கேட்டமரன் வாங்கிக் குடும்பத்தோடு போகப் போவதாகச் சொல்கிறான். கவிழ்ந்தால் நிமிராது என்று கேள்விப்பட்டேன். உண்மையா? – ஒரு தாய், சிரம்பான்

உண்மைதான் அம்மா, மறைக்க மாட்டேன். ஒற்றையுடல் படகின் அடியில் ஈயமோ இரும்போ கட்டிய கனமான கீல் இருக்கிறது, அது சாய்ந்தாலும் இழுத்து நிமிர்த்தும். கேட்டமரன் நிமிராது. ஆனால் அந்தக் கனம் இல்லாததால் பெரும்பாலானவை தலைகீழானாலும் மூழ்காமல் மிதக்கும். கவிழ்ந்தால் வெளியேறுவதற்கென்றே பக்கச் சுவரில் அவசர வழி வைத்திருக்கும் படகுகள் உண்டு. எங்கள் அளவுப் படகு கவிழ வேண்டுமென்றால் காற்றுக்கு மிஞ்சிய பாயை ஏற்றி வைத்திருக்க வேண்டும், அல்லது படகின் அகலத்துக்கு மேற்பட்ட உயரத்தில் ஓர் அலை உடைந்து பக்கவாட்டில் விழ வேண்டும். இரண்டாவது இந்தக் கரையோரங்களில் வருவதல்ல. முதலாவது மனிதர் கையில் இருக்கிறது.

ஒற்றையுடல் படகு, காற்று மிஞ்சும்போது சாய்ந்து எச்சரிக்கும். கேட்டமரன் எச்சரிக்காது, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அதனால் உடம்பு சொல்வதை நம்பாமல் காற்றுமானியின் எண்ணை நம்ப வேண்டும். எங்கள் படகில் 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர், தொட்டதும் பாயைச் சுருட்டிச் சிறிதாக்கும் முதல் சுருக்கு. 25இல் இரண்டாவது. இரவில் காற்றே இல்லாவிட்டாலும் ஒரு சுருக்குப் போட்டபடிதான் ஓடுவோம். இதை மகனிடம் கேளுங்கள்: “உன் படகுக்கு எத்தனை நாட் காற்றில் முதல் சுருக்கு?” யோசிக்காமல் எண்ணைச் சொன்னால் நீங்கள் தைரியமாக இருக்கலாம்.

‘சுமத்ரா’ என்று இங்கே ஒரு புயல்காற்று உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன், மேற்கேயிருந்து கறுப்புச் சுவராக நீரிணையைக் கடந்து வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடித்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அந்த மாதங்களில் மேற்குப் பக்கம் திறந்த இடத்தில் நங்கூரம் போட்டுத் தூங்கக் கூடாது. மின்னலும் கூடவே வரும். கைபேசிகளையும் கைக்கு அடக்கமான ஜிபிஎஸ் கருவியையும் சமையல் ஓவனுக்குள் வைத்து மூடிவிடுகிறோம். அந்த உலோகப் பெட்டி ஒரு கவசம். பாய்மரத்தில் இடி விழுந்து எல்லாக் கருவிகளும் கருகினாலும் வழி காட்ட ஒன்றாவது மிஞ்சும்.

கேள்வி: நங்கூரம் இழுத்துக்கொண்டு போய்விடாதா? இரவில் எப்படித் தூங்குகிறீர்கள்? – வாசகர், தைப்பிங்

கணக்குப் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். நீர் வற்றிய நேரத்தில் ஆழம் 4 மீட்டர் என்று வையுங்கள். லங்காவியில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர் ஏறக்குறைய 3 மீட்டர் ஏறும். நீரிலிருந்து படகின் அணியம், அதாவது முன்முனை, ஒன்றரை மீட்டர் உயரம். கூட்டினால் எட்டரை. அதைப்போல் ஐந்து மடங்கு, நாற்பத்திரண்டரை மீட்டர் சங்கிலி விட வேண்டும். வற்றிய நேரத்து ஆழத்தை மட்டும் நம்பி 20 மீட்டர் விட்டவர்கள் நள்ளிரவில் எங்கள் பக்கம் மிதந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். பிறகு இரண்டு பக்கப் படகுகளின் முன்முனைகளிலிருந்தும் இரண்டு கயிறு எடுத்துச் சங்கிலியில் கொக்கி போட்டால் படகு காற்றுக்கு நேராக அசையாமல் நிற்கும். அப்போது முன்சன்னல்களைத் திறந்து வைத்தால் காற்று அறைக்குள் புகுந்து பின்னால் போகும். மரீனாவில் கட்டிப்போட்ட படகு காற்றின் பக்கம் திரும்பாது. அதனால்தான் அங்கே புழுக்கம், கொசு, ஏசி எல்லாம்.

கேள்வி: கேட்டமரன் என்ற சொல் நம்முடைய கட்டுமரம்தானா? – பள்ளி மாணவன், நாகப்பட்டினம்

சொல் நம்முடையதுதான் கண்ணா. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டுமரங்களை அந்தப் பெயராலேயே குறிப்பிடுகிறார். ஆனால் அவை மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பங்கள். இரண்டு உடல்களைக் கொண்டு பெருங்கடல்களைக் கடக்கும் அமைப்பு பசிபிக் தீவுகளின் பாலினீசியர்களுடையது. 1876இல் அமெரிக்காவின் நதானியல் ஹெரஷாஃப் கட்டிய ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டையுடல் படகு நியூயார்க் பந்தயத்தில் மற்றப் படகுகளை முந்தியது. இப்படிப்பட்ட படகுகளுக்கு நம் சொல் நிலைத்துவிட்டது. இரு தரப்பாரையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. நாங்கள் வாங்கியிருக்கும் படகுக்கு ஒரு வாரம் அழைத்துப் போக ஆசை. சரிப்படுமா? – வாசகி, பினாங்கு

தாராளமாக அழைத்து வாருங்கள் மகளே. டிங்கியிலிருந்து மட்டும் ஏற்றாதீர்கள். மிதக்கும் நடைமேடை உள்ள மரீனாவில் படகின் பின்புறம் மேடையை ஒட்டி நிற்கும்படி கட்டுங்கள். நீர் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் சேர்ந்து ஏறி இறங்கும், பின்படிகளின் உயரம் மாறாது. படிகளில் சொரசொரப்பான பட்டை ஒட்டி, கைப்பிடிக் கம்பி ஒன்று போட்டுவிடுங்கள்.

படுக்கையறைக்கு இறங்க நாலைந்து செங்குத்துப் படிகள் இருக்கும். அவற்றை அம்மா ஏறி இறங்க வேண்டாம். பல படகுகளில் கூடத்து மேசையைத் தாழ்த்தினால் மெத்தை போட்டுக் கட்டிலாக்கலாம். இரவில் கழிவறைக்கு ஒருமுறை இறங்கத்தானே வேண்டும் என்பீர்கள். கூடத்திலிருந்து இறங்கும் படிகளுக்கு மிக அருகில் இருக்கும் கழிவறையை அவருக்கென்று ஒதுக்கி, படிக்கு ஒரு சிறுவிளக்கு வையுங்கள். உண்டது தவிர வேறெதையும், ஒரு காகிதத் துண்டைக்கூட, அதில் போடக் கூடாது என்பதை முதல் நாளே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அதன் குழாய் ஒடுக்கமானது.

பெரியவர்களுக்குக் குமட்டல் வரலாம். கேட்டமரன் சாயாது, ஆனால் குறுக்கலையில் வெடுக்வெடுக்கென்று உதறும். அதனால் முதல் இரண்டு இரவு மரீனாவிலேயே தங்குங்கள். மூன்றாம் நாள் காலையில், காற்று எழும் முன், தயாங் புந்திங் தீவுப் பக்கம் மெதுவாகப் போய் மலைச்சுவர்களுக்கு நடுவே நங்கூரம் போடுங்கள். அங்கே நீர் குளம்போல் இருக்கும்.

என் அம்மாவை 81 வயதில் அங்கே அழைத்துப் போனோம். பின்கூடத்து நாற்காலியில் அமர்ந்து, கழுகுகள் மீனைக் கவ்வ இறங்குவதை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில், “என் அம்மி எங்கே வைத்திருக்கிறாய்?” என்று கேட்டார். தங்கை வீட்டில் இருக்கிறது என்றேன். “அதில் அரைக்கிறாளா?” என்றார். தினமும் அரைக்கிறாள் என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டு மறுபடியும் கழுகுகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.